சேலத்தில் மாற்றுத்திறனாளி பார்க்கிங்: எந்தக் காகிதம் எங்கே செல்லும்?

புதிதாகக் கார் வாங்குகிற மாற்றுத்திறனாளி நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பார்க்கிங் பர்மிட் எந்த ஆபீஸ்ல வாங்கணும்?" என்பதுதான். நம் நாட்டில் அப்படித் தனியாக ஒரு பர்மிட் கிடையாது. வெவ்வேறு வேலைக்கான சில காகிதங்கள் இருக்கின்றன. எதை எங்கே காட்டுவது என்று தெரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

எனக்குப் போலியோவால் இரண்டு கால்களிலும் வலுவில்லை. முதலில் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், அப்புறம் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும்படி மாற்றிய ஆட்டோமேட்டிக் கார். இரண்டையும் சேலம் நகரத்திலும் ஏற்காட்டிலும் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன்.

முதல் காகிதம் யூ.டி.ஐ.டி. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. இது ஆளுக்கு உரியது. பாதிப்பு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் நீலக் கோடு, 40 முதல் 79 வரை மஞ்சள், அதற்குக் கீழே வெள்ளை. இரண்டாவது ஆர்.சி. இது வண்டிக்கு உரியது. வண்டியை மாற்றியமைத்திருந்தால் 'அடாப்டட் வெகிக்கிள்' என்று அதில் பதிவாக வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்பு பதிவான வண்டிகளில் 'இன்வாலிட் கேரேஜ்' என்று இருக்கும். 2020 அக்டோபரில் பதிவு விண்ணப்பமான படிவம் 20-ஐத் திருத்தி, உரிமையாளர் வகையில் 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்பதையும் சேர்த்தார்கள். புது வண்டி எடுப்பவர்கள் ஷோரூம்காரர் அந்தக் கட்டத்தை நிரப்பினாரா என்று நேரில் பார்த்துவிடுங்கள். பிறகு மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும்.

கண்ணாடியில் ஒட்டும் சக்கர நாற்காலி ஸ்டிக்கர் கடையில் விற்பது. யார் வேண்டுமானாலும் வாங்கி ஒட்டலாம், அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனாலும் நான் ஒட்டியிருக்கிறேன். தூரத்தில் வரும்போதே காவலாளி கவனித்துக் கயிற்றை அவிழ்ப்பதற்கு அது உதவுகிறது.

இங்கிலாந்தில் இருக்கும் என் பெரியப்பா மகளிடம் 'நீல பேட்ஜ்' இருக்கிறது. அங்கே அது காருக்கு இல்லை, ஆளுக்கு. யாருடைய காரில் போனாலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தோடு வைத்தால், சரக்கு ஏற்றி இறக்கத் தடை இல்லாத மஞ்சள் கோட்டில்கூட 3 மணி நேரம் வரை நிறுத்தலாம். அவள் சொன்ன பிறகுதான் நம் ஊர் நடைமுறையும் எனக்குத் தெளிவானது. ஒதுக்கப்பட்ட இடம் மாற்றுத்திறனாளிக்கானது. அதனால் தம்பி காரில் உட்கார்ந்து போனாலும் கார்டைக் காட்டி அந்த இடத்தைக் கேட்கிறேன். சுங்கச்சாவடி விலக்கு மட்டும் வண்டிக்கானது. 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டிக்குத்தான் விலக்கு. ஓமலூர், மேட்டுப்பட்டி, வைகுந்தம் என்று சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இது பயன்படும். தம்பி காரில் என் கார்டை நீட்டினால் அங்கே நடக்காது. கட்டண பார்க்கிங்கில் சலுகை உண்டா என்பது அந்த இடத்து ஒப்பந்தத்தைப் பொறுத்தது, நுழைவில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போவது நல்லது.

இனி இடத்தின் அகலம். இதைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மத்திய அரசின் 2016 மாதிரிக் கட்டட விதிகளின்படி, வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் மாற்றுத்திறனாளிகளின் இரண்டு கார்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சாதாரணக் கார் கட்டம் இரண்டரை மீட்டர் அளவில்தான் இருக்கும். மேலே இருக்கிற அந்த ஒரு சொச்சம் மீட்டர் எதற்கு என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதில்லை. கதவை முழுசாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியைப் பிரித்து வைத்து, சீட்டிலிருந்து அதற்கு நகர்ந்து உட்கார அவ்வளவு இடம் வேண்டும். கதவு பாதிதான் திறந்தால் என்னால் இறங்கவே முடியாது.

சேலத்தில் நான் போகிற பல இடங்களில் இந்தக் கூடுதல் இடத்தைக் காட்டக் கோடு போட்ட பட்டையில்தான் பைக்குகள் நிற்கும். காரை யாரும் மறிக்கவில்லை, கட்டம் காலியாகத்தான் இருக்கிறது என்று காவலாளிக்குத் தோன்றும். "சார் பத்து நிமிசத்துல எடுத்துருவாருங்கக்கா, நீங்க உள்ள விடுங்க" என்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பட்டை எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் நான் கதவைத் திறந்து, நாற்காலியை இறக்கிக் காட்டிவிடுவேன். ஒரு முறை கண்ணால் பார்த்த காவலாளி அடுத்த முறை தானே பைக்குகளை நகர்த்தி வைக்கிறார். சட்டம் பேசியதைவிட இதற்குப் பலன் அதிகம்.

நான் வழக்கமாகப் போகும் ஒரு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிக்கான நீலக் கட்டம் இருந்தது, ஆனால் அதில் எப்போதும் மருத்துவர் ஒருவரின் கார் நிற்கும். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, 30 மீட்டர், 3.6 மீட்டர் விதிகளைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். சில மாதங்கள் கழித்துக் கம்பத்தில் பலகை வைத்தார்கள். தரையில் வரைந்த படம் கார் நின்றதும் மறைந்துவிடும், பலகை மறையாது.

ஸ்கூட்டர்காரர்களின் சிரமம் வேறு மாதிரி. பக்கவாட்டுச் சக்கரங்களோடு அது பைக் வரிசையில் நுழையாது. "கார் பக்கம் போங்க" என்பார்கள், போனால் கார் கட்டணம் கேட்பார்கள். பின்னால் யாராவது வண்டியைச் சாய்த்துவிட்டுப் போனால், ரிவர்ஸ் கியர் இல்லாத ஸ்கூட்டரை இழுக்க ஆள் தேட வேண்டும். ஐந்து ரோடு, செவ்வாய்ப்பேட்டை மாதிரி நெரிசலான இடங்களுக்கு நான் இன்றும் ஸ்கூட்டரில்தான் போகிறேன். வரிசையின் கடைசியில், வெளியே போகும் முகமாகத் திருப்பி நிறுத்துவதுதான் ஒரே வழி. விதிகள் காரை மனதில் வைத்தே எழுதப்பட்டிருப்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நம் மாநிலத்தில் அரசே இந்த ஸ்கூட்டர்களைக் கொடுக்கிறது, அவற்றை நிறுத்த ஒரு கட்டமும் வரையலாமே.

சட்டத்தில் பிடிமானம் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் மூன்றிலும் வாகன நிறுத்துமிடம் அணுகல் தரத்தோடு, அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தும்படி, இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டத்தை மீறினால் 89-வது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி செல்லாது என்று 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தது. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் சேர்த்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார்.

ஏற்காட்டுக்கு வருகிறேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கைக்கட்டுப்பாட்டில் ஏறுவது பழகினால் சுகம்தான், ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ் பொருத்தியிருந்தால் போதும். கஷ்டம் மேலே போய் நிறுத்துவதில். சரிவில் காரை எப்படி நிறுத்தினாலும் தொல்லை. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் கதவு தானாக மூடி வந்து இடிக்கும், பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் திறந்த கதவை இழுத்து மூட எட்டாது, நாற்காலியும் உருளும். அதனால் வாசலுக்குப் பக்கம் என்பதைவிடச் சமதரை எனக்கு முக்கியம். ஏரிக்கரையில் சற்றுத் தள்ளியாவது சமமான இடம் பார்த்து இறங்கி, அண்ணா பூங்காவுக்கு நாற்காலியில் போகிறேன். சேர்வராயன் கோயில் இருக்கும் மலையுச்சி பரந்த வெளி, அங்கே இறங்குவது எளிது.

மே மாதக் கோடை விழாவின்போது சாலையோரம் முழுக்க வண்டிகள்தான். அப்போது போவதானால் வார நாளில், காலையிலேயே போய்ச் சேருங்கள். போக்குவரத்தை ஒருவழியாக்கி, ஏறிய பாதைக்குப் பதிலாகக் குப்பனூர்ப் பாதையில் இறக்கிவிடும் நாட்களும் உண்டு, அதற்கும் சேர்த்து எரிபொருள் போட்டுக்கொள்ளுங்கள். மலர்க் கண்காட்சி நாட்களிலாவது ஏரிக்குப் பக்கத்தில் சமதரையாக இரண்டு கார் கட்டமும், ஸ்கூட்டர்களுக்குத் தனியாக ஒரு வரிசையும் கயிறு கட்டி ஒதுக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். ஏற்காட்டுக்குப் போய்வரும் மற்ற மாற்றுத்திறனாளிகளும் இதையே கேட்டு ஆளுக்கொரு மனு கொடுத்தால் இந்த சீசனுக்குள் நடக்க வாய்ப்பிருக்கிறது.