16 டிகிரி ஃபிளேர் என்று 6,850 ரூபாய்க்குப் பட்டை நாமம்

இன்று காலை அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். இனி பொறுமை காத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு ட்ராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) மாற்றும் யோசனையில் இருப்பவர்கள், அதிலும் ஃபிளேர் வைத்த பார் தேடுகிறவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 6,850 ரூபாய்.

கடையின் பெயரை எழுதவில்லை. எந்த வகை என்று சொன்னாலே புரியும்: ஷட்டர் கிடையாது, பில் புத்தகம் கிடையாது, பளபளப்பான போட்டோக்களும் ஒரு வாட்ஸ்அப் நம்பரும் மட்டும். "இம்போர்ட்டட் பார்ட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சாதா ட்ராப் பாரில் கீழ்க்கைகள் நேராக இறங்கும். ஃபிளேர் என்றால் அவை வெளிப்பக்கம் சாய்ந்து இறங்கும். ஹூட்டில், அதாவது பிரேக் லிவரின் மேல்பிடியில், கை வைத்தால் பழகிய அகலம்தான். கீழே பிடிக்கும்போது மட்டும் கைகள் விரியும், முன்கை பாரின் மேல்குழாயில் இடிக்காது. சரளைக்கல்லில் முன்சக்கரம் திமிறினால் அடக்கிப் பிடிக்க அந்த அகலம் கை கொடுக்கும். எவ்வளவு சாய்வு என்பதில்தான் எல்லாமே. சால்சா கம்பெனியின் கௌபெல் பார் 12 டிகிரி, கௌசிப்பர் பார் 24 டிகிரி. சாய்வு கூடக்கூட பிரேக் லிவரும் சேர்ந்து சாயும். இருபதைத் தாண்டினால், பிரேக்கும் கியரும் சேர்ந்த ரோடு லிவரில் கியர் மாற்றும் அசைவே கோணலாகிவிடும், சின்னக் கை உள்ளவர்களுக்கு ரொம்பவே. முனைகளும் அரை மீட்டரைத் தாண்டி விரிந்துவிடும். நம் ஊர் சிக்னலில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அதை நுழைத்துப் பாருங்கள், தெரியும். தார் ரோடு பாதி, மண் ரோடு பாதி என்று ஓட்டுகிறவர்களுக்கு 16 நடுவாந்தரம். அதனால்தான் 16 கேட்டேன்.

நம்பிய இடம் எது என்று சொல்கிறேன். விலையைக் கண்டு நம்பவில்லை. அந்த ஆள் பேசிய பேச்சைக் கேட்டு நம்பினேன். நான் கேட்கும் முன்பே அவராகவே கேட்டார்: "சார், என்ன லிவர் போட்டிருக்கீங்க? ஹைட்ராலிக்கா, கேபிளா? பார் அகலமாச்சுன்னா கேபிள் நீளம் பத்தாது, அதைப் பார்த்துட்டு வாங்குங்க." விற்கிறவன் வாங்காதே என்கிற மாதிரி பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அளவுகளையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தார்: ஹூட்டில் நடுவிலிருந்து நடுவுக்கு 44 செ.மீ., ரீச் (முன்னால் நீளும் தூரம்) 70 மி.மீ., ட்ராப் (கீழிறங்கும் ஆழம்) 115, ஃபிளேர் 16, ஸ்டெம் (பாரை சைக்கிளோடு பிடிக்கும் துண்டு) கவ்வும் இடம் 31.8, லிவர் உட்காரும் குழாய் 23.8. ஒன்றுகூடத் தப்பில்லை. பத்தே நிமிடத்தில் யுபிஐயில் 6,850 ரூபாய் போய்விட்டது. ஒரு போட்டோ கேட்டிருக்க வேண்டும், பாரின் மேல் டேப் வைத்து அளந்த மாதிரி. கேட்கவில்லை. அது என் மடத்தனம்தான்.

ஆறாம் நாள் பெட்டி வந்தது. பிரித்ததுமே கண்ணுக்கு இடித்தது. அளந்தேன். ஹூட் உட்காரும் இடத்தில் 42. முனையில் 44. பக்கத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வெளியே போயிருக்கிறது. ஹூட்டிலிருந்து முனைக்கு ஏறக்குறைய 10 செ.மீ. இறக்கம். பத்துக்கு ஒன்று என்றால் சாய்வு ஐந்தாறு டிகிரி. 16 டிகிரியாக இருந்தால் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 3 செ.மீ. விரிந்திருக்க வேண்டும், ஹூட்டில் 44 என்றால் முனையில் 50 காட்டியிருக்க வேண்டும். வந்தது சாதா பார். ஆனால் ஸ்டிக்கரில் மட்டும் 16 என்று அழகாக அச்சடித்திருந்தது!

அளவு சொன்னதும் முதல் பதில்: "சார், 44-ங்கிறது முனையில எடுத்தது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்." மாறும், அது உண்மைதான். சிலர் ஹூட்டில் அளப்பார்கள், சிலர் முனையில். ஆனால் முனையில் 44, சாய்வு 16 என்றால் ஹூட்டில் 38 வர வேண்டுமே, எப்படி 42 வரும்? இதைக் கணக்குப் போட்டு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள், "சப்ளையர்கிட்ட கேக்குறேன்." மூன்று நாள் கழித்து, "கைப்பிடி டேப் சுத்திட்டீங்களா? சுத்தியிருந்தா ரிட்டர்ன் கிடையாது." சுற்றவில்லை என்று போட்டோ அனுப்பினேன். "ஸ்டெம்ல மாட்டுன தடம் தெரியுதே ப்ரோ." அதுவரை சார், அன்றிலிருந்து ப்ரோ. "அடுத்த லாட் வரட்டும், மாத்தித் தர்றேன், டிஃபரன்ஸ் மட்டும் கொடுங்க." எதற்கு டிஃபரன்ஸ்? 6,850 ரூபாய் வாங்கிக்கொண்டு தப்பான பொருளை அனுப்பியது யார்? இதைக் கேட்டதற்குத்தான் இன்று காலை பிளாக்.

சாய்வு குறைந்தால் சொகுசு குறையும், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். விட முடியாத விஷயம் வேறு. ஸ்டெம்மில் மாட்டிப் பார்த்த தடம் என்றாரே, அந்த இடத்தை வெர்னியரால் அளந்தேன். 31.8 இருக்க வேண்டிய இடம் ஒரு பக்கம் 31.5, திருப்பி வைத்தால் 31.2. குழாய் வட்டமாகவே இல்லை. என் ஸ்டெம்மில் எழுதியிருக்கும் 5 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து நான்கு போல்ட்டையும் குறுக்குமறுக்காக முறுக்கி, ஹூட்டில் உடம்பு எடையைப் போட்டதும் பார் மெதுவாகக் கீழே சுழன்றது. வேகத்தடையில் இறங்கும்போதோ, மலைப்பாதை வளைவில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதோ இப்படிச் சுழன்றால் பல் மிஞ்சாது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒன்று போல்ட் மரை கழன்றுபோகும், இல்லையென்றால் ஸ்டெம் விளிம்பு குழாயை அழுத்தி வரி விழும். அலுமினிய பார் பின்னாளில் முறிவது அந்த வரியிலிருந்துதான். கோலா டப்பாத் தகட்டை வெட்டி உள்ளே செருகும் வைத்தியமும் வேண்டாம். கோணிப்போன குழாயை எந்தத் தகடும் சீராகக் கவ்வாது.

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹூட்டில் ஒன்று, முனையில் ஒன்று என்று இரண்டு அகலத்தையும், டேப் வைத்த போட்டோவோடு கேளுங்கள். கோணத்தை மட்டும் சொல்கிறவரை நம்பாதீர்கள், வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். லிவர் உட்காரும் இடம் 23.8-ஆ என்று பாருங்கள், 22.2 என்றால் அது எம்டிபி (மலைச் சைக்கிள்) பாருக்கான அளவு, ரோடு லிவரின் பட்டை அதில் இறுகாது. பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். அளக்காமல் எதையும் மாட்டாதீர்கள், என்னை மாதிரி "ஸ்டெம் தடம்" என்று கேட்க வேண்டிவரும். தெரியாத நம்பருக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். கார்பன் பார் பாதி விலைக்கு என்று வந்தால் பதிலே போடாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பார் இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது, ஸ்டிக்கரும் கிழியாமல். அந்த 6,850 ரூபாய்க்கு இப்போது என் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.