விகிர்தி வருஷத்து மாசி

போன ஆடியில் மூன்று கிழமை லீவு போட்டு ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணம் போய் வந்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு என்று வேலையிடத்தில் சொல்லியிருந்தாலும், உண்மையான அலுவல் அம்மம்மாவின் தகப்பனைப் பற்றித் தேடுவதுதான். பூட்டனார் ஒரு ‘மலாயன் பென்சனியர்’, அதாவது மலாயாவில் (இன்றைய மலேசியா) வேலை செய்து பென்சனோடு ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் அந்தக் காலத்தில் ஒழுங்கைக்கு ஒருத்தராவது அப்படி இருந்திருப்பார். 1901இல் மலாய் மாநிலங்களின் ரெயில்வேயை ஒன்றாக்கிய பிறகு, மிஷன் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் படித்த எங்கள் ஊர்ப் பெடியள் அங்கே வேலைக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தார்கள், கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய் என்று சொல்லி வளர்த்த ஊர் அல்லவா.

கையில் இருந்தது ஒரேயொரு கல்வெட்டு. தமிழ்நாட்டு ஆட்கள் கல்லைத் தேட வேண்டாம், செத்து 31ஆம் நாள் நடக்கிற அந்தியேட்டிக் கிரியையில் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர். கரையான் தின்றது போகப் பன்னிரண்டு பக்கம் மிஞ்சியிருந்தது. தேவாரம், புலம்பல், பாதி வம்சாவளி, முன்பக்கத்தில் செத்த நாளைச் சொல்லும் ஒரு திதி வெண்பா. இங்கிலீஷ் தேதி எங்கேயும் இல்லை. விகிர்தி வருஷம், மாசி மாதம், அபரபக்க (தேய்பிறை) தசமி, அவ்வளவுதான்.

விகிர்தி என்றால் 1950 என்று போனில் பார்த்து, பிரதேச செயலகத்தில் இறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்கான படிவத்தில் அதையே எழுதிக் கொடுத்தேன். வாசலில் நின்ற ஒரு தரகர் ‘வெளிநாட்டு ஆக்களுக்கு நான் கெதியா எடுத்துத் தருவன்’ என்று ஒரு தொகை கேட்டார். யாரும் கொடுக்காதீர்கள், உள்ளே அதே வேலைக்கு உள்ள கட்டணம் சொற்பம். ஆனால் காத்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் போனவன் மத்தியானம் வரைக்கும் வாங்கில் இருந்தேன், பிறகு ஒரு பிள்ளை வந்து ‘1950 முழுக்கப் பாத்திட்டம், அப்பிடி ஒருத்தரும் இல்லை அண்ணா’ என்றாள்.

அடுத்த நாள் ஓட்டோக்கார அண்ணையிடம் இதைச் சொல்லிப் புலம்ப, அவர் திரும்பியே பார்க்காமல் சொன்னார்: ‘தம்பி, வருஷம் பிறக்கிறது சித்திரையிலை. மாசி பதினொராம் மாசமெல்லோ, அதுக்குள்ளை இங்கிலீஷ் வருஷம் மாறியிருக்குமே.’ சரிதான். விகிர்தி மாசி என்றால் 1951 பெப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவரை, அதில் தேய்பிறைத் தசமி மார்ச் முதல் கிழமை. நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இது தெரியவில்லை! புதுப் படிவத்தில் 1951 மார்ச் என்று எழுதிக் கொடுத்தேன், அரை மணித்தியாலத்தில் பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோக்கொப்பி கையில் வந்தது.

பெயர், வயது, தாய் தகப்பன் பெயர், என்ன வருத்தத்தில் செத்தார் என்பது எல்லாம் மங்கிய கையெழுத்தில் இருந்தன. தொழில் என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். கல்வெட்டிலே அவர் ‘புகையிரத நிலைய அதிபராய்ப் புகழொடு வீற்றிருந்தவர்’. பதிவேட்டிலே ‘ரெயில்வே கிளாக், இளைப்பாறியவர்’. செத்தவருக்குப் புலவர் கொடுத்த பதவி உயர்வு போல. எனக்கு என்னவோ கிளாக்கைத்தான் பிடித்தது, கிளாக்குச் சம்பளத்தில் மூன்று பெட்டைகளுக்குச் சீதனக் காணி வாங்கியிருக்கிறாரே. (வேறு ஆட்களின் கல்வெட்டுகளைப் பார்க்க ஊருக்கே போகத் தேவையில்லை, ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலக இணையத்தளத்தில் நினைவு மலர்கள் நிறையக் கிடக்கின்றன, முதலில் அங்கே தேடுங்கள்.)

அன்று இரவே அம்மாவுக்கு வைபரில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு வொய்ஸ் மெசேஜ்: ‘பதிஞ்சவன் பிழையாப் பதிஞ்சிருப்பான். நீ திருத்தத்துக்கு ஒரு படிவம் கிடைக்குமோ எண்டு கேள்.’