டி4 ஆடியாச்சு: அடுத்து லண்டனா, குயின்ஸ் கேம்பிட்டா?

சதுரங்கத்தில் வெள்ளை, ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிற டி4 வரை (எழுத்தும் எண்ணும் சேர்ந்தால் ஒரு கட்டத்தின் பெயர்) யாருக்கும் குழப்பம் இல்லை. எதிராளி டி5 என்று பதில் சொன்னதும் சி4 தள்ளி குயின்ஸ் கேம்பிட் என்ற ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க முறை) ஆடுவதா, பிஷப்பை எஃப்4-இல் வைத்து லண்டன் சிஸ்டத்துக்குப் போவதா என்பதில்தான் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறோம். நான் இரண்டு கட்சியிலும் இருந்தவன்.

லண்டனில் படிப்புச் சுமை குறைவு. இ3, சி3, ஒரு குதிரை எஃப்3, இன்னொன்று டி2, மிச்ச பிஷப் டி3. கறுப்பு, கிங்ஸ் இந்தியன் என்ற வேறொரு தற்காப்புக்கே போனாலும் ஏறக்குறைய இதே வீட்டைத்தான் கட்டுகிறோம். 15 நிமிட ரேப்பிட் என்ற வேக ஆட்டத்தில் கடிகாரம் நம் பக்கம். சோம்பேறி ஓப்பனிங் என்று கேலி செய்வார்கள், செய்யட்டும். 2023 உலக சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டத்தில் டிங் லிரென் நெபோம்னியாச்சியை வென்றது லண்டனில்தான்.

ஆனால் பிஷப் வெளியே போனதும் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லை. விவரமான ஆள் சி5 தள்ளி, ராணியை பி6-இல் கொண்டுவந்து நிறுத்துவார். நாம் ராணியை பி3-இல் வைத்தால் சி4 என்று விரட்டுவார். சி2-க்கு ஒதுங்கினால் எதிரே எஃப்5-இல் பிஷப்! சும்மா கிடைக்கிறதே என்று வெட்டினால், அவர் ராணி பி2-வை வெட்டிவிட்டு மூலை யானைக்கு வாயைத் திறக்கும். பேசாமல் சி1-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

குயின்ஸ் கேம்பிட் பேரில்தான் கேம்பிட் (சிப்பாயைப் பலி கொடுப்பது). கறுப்பு சி4-ஐ வெட்டி, பி5 தள்ளி அதைக் காப்பாற்றப் பார்த்தால் இ3, ஏ4 என்று உடைத்துவிட்டு ராணியை எஃப்3-க்குக் கொண்டுவரலாம்; ஏ8 யானையைக் காப்பாற்ற ஒரு காயைக் கொடுத்தாக வேண்டும். 1927 உலக சாம்பியன்ஷிப்பில் அலெகைனும் காபாபிளாங்காவும் மோதிய 34 ஆட்டங்களில் 32, கறுப்பு சி4-ஐ வெட்ட மறுக்கிற குயின்ஸ் கேம்பிட் டிக்லைண்டுதான். படிக்க நிறைய இருக்கிறது, அதுதான் தொல்லை.

இருந்தும் என் ஓட்டு சி4-க்கே. லண்டனில் நூறு ஆட்டம் ஆடியும் ஒரே ஆட்டத்தை நூறு தடவை ஆடியதுபோல் இருந்தது. சி4-இல் அடி வாங்கினால் மறக்காது. ஒரு லோக்கல் டோர்னமென்டில், என் பிஷப் ஜி5-இல் நின்று எதிராளியின் குதிரையை (நகர்ந்தால் பின்னால் இருக்கும் ராணி போய்விடும்) கட்டிப்போட்டிருக்கிற தைரியத்தில் டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டினேன். எதிரே இருந்த பள்ளிக்கூடப் பையன் கட்டிய குதிரையாலேயே அதை வெட்டினான். அவன் ராணியை வெட்டி எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அவன் பிஷப் பி4, செக். என் ராணியை டி2-இல் வைப்பதைத் தவிர வழியில்லை. கணக்குத் தீர்ந்தபோது ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போயிருந்தது. அதற்குப் பெயர் எலிஃபென்ட் ட்ராப் என்று அவன்தான் சொன்னான், ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டபடியே.