தடுப்பூசி 'பேக்கேஜ்' எடுக்கச் சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். சிங்கப்பூரில் செங்காங் பக்கம் ஒரு தனியார் குழந்தைகள் மருந்தகம். பெயர் போடவில்லை, புகார் இன்னும் முடியவில்லை. மகளை முதல் தடவை தூக்கிக்கொண்டு போனபோதே கவுண்டரில் இருந்த பெண், "பேக்கேஜ் எடுத்துடுங்க அக்கா, தனித்தனியா கட்டினா ரொம்ப ஆகும், சிடிஏ கணக்குலயே கழிச்சுக்கலாம்" என்றார். சிடிஏ என்பது பிள்ளையின் பேரில் இருக்கும் மேம்பாட்டுக் கணக்கு. அதில் பிள்ளைக்கென்று அரசாங்கம் போட்ட பணத்திலிருந்து ஆயிரம் வெள்ளிக்கு மேல் அன்றைக்கே போய்விட்டது.

அவர் வாயே திறக்காத விஷயம் ஒன்று உண்டு. 2020 நவம்பரிலிருந்து, சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இருக்கும் ஊசிகள் பலதுறை மருந்தகங்களிலும் (பாலிகிளினிக்) சாஸ் எனும் அரசாங்க மருத்துவ மானியத் திட்டத்தில் உள்ள தனியார் மருந்தகங்களிலும் முழு மானியத்தில் கிடைக்கின்றன. சிக்ஸ்-இன்-ஒன், நிமோகாக்கல், எம்எம்ஆர், சின்னம்மை எல்லாம் அதில் அடக்கம். இந்த மருந்தகம் சாஸில் இல்லை.

காசு கொடுத்துத் தனியாரிடம் போவது தப்பில்லை. ஒரே டாக்டர் பிள்ளையைத் தொடர்ந்து பார்ப்பார் என்றுதானே போகிறோம்? இங்கே போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர். பேக்கேஜில் சேர்த்தி என்று சொன்ன கன்சல்டேஷனுக்கும் தனியாக வாங்கினார்கள். காய்ச்சல் என்று போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

சரி, போதும், மீதி ஊசிகளுக்கான பணத்தைக் கொடுங்கள் என்று கேட்டதும்தான் வேலையைக் காட்டினார்கள். அதுவரை போட்ட ஊசிகளைக் தள்ளுபடி இல்லாத தனி விலையில் கணக்குப் போட்டு, "மீதி எதுவும் இல்லையே" என்று கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார் அந்தப் பெண். பில்லை எடுத்துப் பார்த்தால் 'தடுப்பூசி பேக்கேஜ்' என்று ஒரே வரி, ஒரே தொகை. எந்த ஊசிக்கு எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. பச்சைப்பிள்ளையின் பணத்தில் இப்படிச் செய்ய எப்படித்தான் மனசு வருகிறதோ!

அதனால் எங்கே போனாலும், கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ஊசியின் விலையையும், பாதியில் நிறுத்தினால் எந்த விலையில் கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அங்கேயும் முடியவில்லை என்றால் சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை கேட்கலாம், ஆனால் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நான் கேஸுக்கு எழுதிவிட்டேன். இதே வட்டாரத்தில் இப்படிப் பணம் கட்டியவர்கள் இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.