எம்.எஸ்., எஸ்.எஸ்., கடைச் சரக்கு: குமரி மாவட்டத்து வண்டிக்கு எந்தச் சைலன்சர் தாங்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பெண்ட் பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுசெல்லும் வளைகுழாய்) சைலன்சரும் தனியாகச் செய்துகொள்ள விரும்புபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எம்.எஸ். எனப்படும் சாதா இரும்புக் குழாயில் உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாம், எஸ்.எஸ். 304 எனப்படும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயில், ஆர்கான் வாயுவைக் காட்டிப் பற்றவைக்கும் டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் செய்யலாம். அல்லது கடையில் விற்கும் சைலன்சரை வாங்கி, பழைய பெண்ட் பைப்போடு பொருத்திக்கொள்ளலாம். இந்த அலசலுக்குக் கார்புரேட்டர் காலத்து 350 சிசி ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் புகைக்குழாய் அமைப்பிலேயே இருப்பதால், அவற்றின் பெண்ட் பைப்பை வெட்டி வேறொன்று வைப்பது வண்டியின் எரிபொருள் கணக்கையும் புகைச் சான்றையும் ஒருசேரக் கெடுத்துவிடும். அந்த வண்டிகளை இந்தப் பேச்சிலிருந்து விலக்கிவிடுவதே நேர்மை.

நம் ஊரில் சைலன்சரை இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் தாக்குகிறது. வெளிப்பக்கம் தெரிந்ததே: குளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம் என்று நீளும் கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது, தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. உட்பக்கத்தைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் வரை ஓடும் வண்டியில் சைலன்சர் முழுவதும் சூடாகி அந்த ஆவி வெளியேறிவிடும். வடசேரிக்கும் கோட்டாறுக்கும் இடையில் மட்டும் போய்வரும் வண்டியில் சைலன்சரின் பின்பாதி சூடேறுவதற்குள் இன்ஜின் அணைக்கப்படுகிறது; ஆவி உள்ளேயே குளிர்ந்து, எரிதலில் உண்டான அமிலத் தன்மையோடு அடியில் தேங்கி நிற்கிறது. ஆகவே குறைவாக ஓடும் வண்டியின் சைலன்சர்தான் உள்ளிருந்து முதலில் ஓட்டையாகும். எந்த உலோகத்தில் செய்தாலும் சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் சிறு வடிகால் துளை ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.

எம்.எஸ். குழாயின் பலம் அதன் எளிமை. ஆர்க், மிக், கேஸ் என எந்த வெல்டிங்கும் அதை ஒட்டும். மணல் நிரப்பிச் சூடுகாட்டி வளைக்கலாம். குலசேகரத்திலோ திருவட்டாரிலோ வழியில் விரிசல் விட்டாலும் அருகிலுள்ள பட்டறையில் அன்றே சரிசெய்துகொண்டு போகலாம். 1.6 மி.மீ. கனமுள்ள குழாயை எடுத்தால் அரிப்புக்கும் சற்று இடம் கிடைக்கும். அதன் பலவீனம் பூச்சை நம்பி வாழ்வது. சூடு தாங்கும் சிலிக்கான் பெயின்ட் 600 டிகிரி வரை நிற்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஆனால் துருவையும் எண்ணெயையும் முற்றிலும் நீக்கிய உலோகத்தில் அடித்து, படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் அது நிற்கும். பட்டறையில் துணியால் துடைத்துவிட்டு அடித்த பூச்சு, சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய பகுதியில் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாது. உட்புறத்தைப் பூச்சு காப்பதும் இல்லை. துருப்பிடிக்காது என்று சொல்லித் தண்ணீர்க் குழாய்க்கான, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் செய்து தருவதாக யாரேனும் முன்வந்தால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். துத்தநாகம் 420 டிகிரிக்கு அருகிலேயே உருகிவிடும். வெல்டிங்கின்போது எழும் அதன் புகை பற்றவைப்பவருக்குக் காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும்.

எஸ்.எஸ். என்று வரும்போது முதல் கேள்வி எந்த எஸ்.எஸ். என்பது. மாடிப்படிக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் கடைகளில் அதிகம் விற்கும் பளபளப்புக் குழாய் பெரும்பாலும் 202 வகை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டி விலையைக் குறைத்திருப்பார்கள். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. 202இல் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான். கடற்கரை வீடுகளின் கைப்பிடிகளில் பழுப்புப் புள்ளிகள் விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, ஏனெனில் 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும், பில்லில் 304 என்று எழுதி வாங்குவதும்தான் வழி. கிடைக்குமானால் 304எல் இன்னும் நல்லது. அதில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இராது. சாதா 304ஐ 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் வைத்திருந்தால் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் இழந்த அந்த ஓரத்தில், அதாவது வெல்டிங்கை ஒட்டிய இரு கோடுகளில், உப்பு முதலில் கடிக்கும்.

இரண்டாவது கேள்வி பற்றவைப்பவரின் கையைப் பற்றியது. என் கருத்தில் உலோகத்தைவிட இதுவே முக்கியம். எஸ்.எஸ். குழாயை வெளிப்பக்கம் மட்டும் ஆர்கான் காட்டிப் பற்றவைத்தால், உள்பக்கம் காற்றோடு சேர்ந்து கருகி, வெந்த சர்க்கரைக் கட்டி போலப் பொரிந்து நிற்கும். வெளியே அழகான வளையக் கோடு தெரியும். உள்ளேயோ துருவுக்கு விதை போட்டாயிற்று, அதிர்வில் விரிசல் தொடங்கவும் இடம் கொடுத்தாயிற்று. இதைத் தவிர்க்கக் குழாயின் இரு முனைகளையும் அடைத்து, உள்ளேயும் ஆர்கானை ஓடவிட்டுப் பற்றவைக்க வேண்டும். அதற்குக் கூடுதல் வாயுவும் நேரமும் செலவாகும். கேட்காவிட்டால் பெரும்பாலானோர் செய்ய மாட்டார்கள். துண்டுக் குழாய்கள் இரண்டை ஒட்டிக்காட்டச் சொல்லி, அதை நெடுக அறுத்து உட்புறத்தைப் பார்த்த பிறகு வேலையைக் கொடுப்பது யாரையும் அவமதிப்பதாகாது. வேலை தெரிந்தவர் அதை விரும்பவே செய்வார். 304க்கு 308எல் கம்பி, இரும்புப் பிளேஞ்சோடு எஸ்.எஸ். குழாயை இணைக்கும் இடத்தில் 309எல் கம்பி என்பதும், இரும்பைத் தேய்த்த அதே டிஸ்க்கால் எஸ்.எஸ்.ஐத் தேய்க்கக் கூடாது என்பதும் அவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை. இரும்புத் தூள் ஒட்டினால் எஸ்.எஸ். மீதும் துரு படரும்.

இவற்றோடு, எஸ்.எஸ். சூட்டில் அதிகம் நீள்கிறது. 400 மி.மீ. நீளமுள்ள பெண்ட் பைப் 400 டிகிரி சூடேறினால் எம்.எஸ். ஏறக்குறைய 2 மி.மீ. நீளும், 304 ஏறக்குறைய 2.8 மி.மீ. நீளும். ஹெட்டிலும் சேஸிலும் இறுக்கிக் கட்டிய ஒற்றைத் துண்டாகச் செய்தால் அந்த நீட்சி வெல்டிங்கைத்தான் இழுக்கும். பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும்படி இணைத்து, ஸ்பிரிங்காலோ கிளாம்பாலோ பிடித்து, பின்பக்கத் தாங்கியில் ரப்பர் புஷ் வைப்பது எம்.எஸ்.ஸுக்கு நல்லது, எஸ்.எஸ்.ஸுக்குக் கட்டாயம்.

டைட்டானியத்தை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல், நீட்சியும் குறைவு, உப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பற்றவைத்த இடம் ஆறும்வரை அதை ஆர்கானால் மூடிவைக்க வேண்டும். இல்லையேல் காற்றை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். விலையும் பல மடங்கு. அன்றாடம் ஓட்டும் 350 சிசி வண்டிக்கு அது வீண் செலவு.

கடைச் சைலன்சர் விலைக்கும் நேரத்துக்கும் வெல்கிறது, அவ்வளவுதான். பொது அளவாக 51 மி.மீ. வாயோடு வருபவற்றைச் சிறிய பெண்ட் பைப்பில் பொருத்த இடையே ஒரு அடாப்டர் வைக்கிறார்கள். அங்கே புகை திடீரென விரிவதால், குழாய்க்குள் புகையின் அழுத்த அலை திரும்பும் விதத்தில் தொழிற்சாலை வைத்த கணக்கு கலைந்து, பேச்சிப்பாறை, கோதையாறு ஏற்றங்களில் தேவைப்படும் குறைந்த வேகத்து இழுவை குறைந்துவிடக்கூடும். உலோகம் எந்த வகை என்பதையும் பெரும்பாலும் சொல்வதில்லை.

சத்தத்தில் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு உலோகத்தால் வருவதல்ல, உள்ளமைப்பால் வருவது. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ் ஊல் அடைத்த குட்டைச் சைலன்சர் கூர்மையான ஒலியை விழுங்கும். ஒற்றைச் சிலிண்டரின் அடித்தொனியை விழுங்காது. அதற்கு அறைகளும் கொள்ளளவும் வேண்டும். எனவே தனியாகச் செய்பவர் அசல் சைலன்சரின் நீளத்தையும் அறை அமைப்பையும் அளந்து அதையே 304இல் மறுபடி செய்வதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. சத்தத்தை அடக்கும் உள்தடுப்பான பேஃபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குப் போகும். தெருவில் தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் நாம் கொடுக்கும் தொல்லை தனிக் கணக்கு.

கரையோர ஊர்களில் இருப்பவர்கள் உள்ளே ஆர்கான் காட்டிப் பற்றவைக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், 304எல் தவிர வேறெதையும் பார்க்க வேண்டாம். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், நன்றாகப் பற்றவைத்துப் பூசிய 1.6 மி.மீ. எம்.எஸ். பைப், அரைகுறையாகப் பற்றவைத்த எஸ்.எஸ்.ஸைவிட மேலானது. துருப்பிடிக்கும் எம்.எஸ். வெளியே தெரிந்து, மெல்ல மெல்லத் தேயும். உள்ளே கருகிய எஸ்.எஸ். ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் விரியும். தக்கலைக்கு வடக்கே மலைப்பக்கம் வசித்து, நாள்தோறும் நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு எம்.எஸ். தாராளமாகப் போதும்.

ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டும் நான் தயங்காமல் எம்.எஸ். பக்கம் நிற்பேன். பெட்ரோலோடு எரியும் எண்ணெய் உட்சுவரில் படலமாகப் படிந்து துருவைத் தடுக்கிறது. கரி அடைத்தால் அறுத்துத் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்; 1 மி.மீ. இரும்புத் தகட்டில் கூம்புகளாகச் செய்த சைலன்சர் அறையை அப்படித் திறந்து ஒட்டுவது எந்தப் பட்டறைக்கும் எளிது. அங்கே கவனிக்க வேண்டியது கூம்புகளின் நீளம். அறையிலிருந்து திரும்பும் அலைதான் சிலிண்டரிலிருந்து தப்பும் புதுக் கலவையை உள்ளே தள்ளுகிறது என்பதால், நீளத்தைக் குறைத்தால் சக்தி மேல் வேகத்துக்கு நகர்ந்து, நகரத்து நெரிசலில் வண்டி திணறும்.