வணிகக் கேஸ் கீசர் மாட்டுகிறவர்கள் கவனத்துக்கு: என் 68,500 ரூபாய் போன விதம்

உதகையில் எட்டு அறைகள் கொண்ட சிறிய லாட்ஜ் ஒன்றை நானும் என் மனைவியும் நடத்திவருகிறோம். கரண்ட் பில் கட்டுப்படியாகாததால், எல்லா அறைகளுக்கும் ஒரே இடத்திலிருந்து வெந்நீர் அனுப்பும்படி, வணிகப் பயன்பாட்டுக்கான கேஸ் கீசர்கள் இரண்டைக் கோவையில் ஓட்டல் சாதனங்கள் விற்கும் ஒரு கடையில் சென்ற மாதம் வாங்கினேன். கருவி, குழாய் வேலை, பொருத்துகூலி எல்லாம் சேர்த்து 68,500 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட கருவியை வாங்கிப் பொருத்தும்போது பார்க்கவேண்டிய அனைத்தையும் சொல்லிவிட வேண்டும் என்றே எழுத உட்கார்ந்தேன்.

கடைக்காரர் மாதிரிக் கருவியின் குழாயைத் திறந்ததும் தீ பற்றி, சிறு கண்ணாடி வழியே நீலச் சுடர் தெரிந்தது. என் கையைப் பிடித்து வெந்நீரில் நீட்டச் செய்தார். "சார், ஊட்டியில எத்தனையோ லாட்ஜுக்கு நான்தான் போட்டுக் கொடுத்திருக்கேன், புகைக்குழாய் வரைக்கும் என் பொறுப்பு" என்று சொன்னதோடு, விசிட்டிங் கார்டின் பின்புறம் 'புகைக்குழாய் இலவசம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கையெழுத்துப் போடுகிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அவர் அனுப்பிய ஃபிட்டர், மாடிப்படிக்கு அடியில் ஜன்னலே இல்லாத சாமான் அறையில் இரண்டையும் மாட்டினார். இலவசப் புகைக்குழாய் என்பது ஒரு முழத் தகரக்குழாய்; அது சுவரைத் தாண்டாமல் அறைக்குள்ளேயே முடிந்தது. கருவியின் ஸ்டிக்கரில் 30 மில்லிபார் என்று குறைந்த அழுத்தம் அச்சிட்டிருக்க, 19 கிலோ சிலிண்டரில் டீக்கடை அடுப்புக்குப் போடும் உயர் அழுத்த ரெகுலேட்டரைத் திருகினார். கேட்டதற்கு, "குளிர் ஊருக்குப் பிரஷர் வேணும் சார்" என்று பதில். சுடர் மஞ்சளாக எரிந்தது, சில நாட்களில் சுவரெல்லாம் கரி. ஒரு காலையில் அந்த அறைக்குள் வாளி எடுக்கப் போன ரூம் பாய் தலைசுற்றி, வாந்தியெடுத்து, வாசற்படியிலேயே சரிந்துவிட்டான். கேஸ் சரியாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுதான் காரணம் என்றார் மருத்துவர். சமையல் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். இந்த நச்சுவாயுவுக்கோ வாசனையே கிடையாது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. பையன் பிழைத்தது தெய்வாதீனம்.

கடைக்காரருக்குப் போன் செய்தால், "ஃபிட்டர் எங்க ஆள் இல்லை, கம்பெனியைக் கேளுங்க" என்கிறார். கம்பெனியின் இலவச எண்ணில் பேசிய பெண், சீரியல் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, இது வீட்டு உபயோக மாடல், லாட்ஜில் மாட்டியதால் வாரண்டி செல்லாது என்றார்! அதாவது 68,500 ரூபாய்க்கு வீட்டுக் கீசரை வணிகக் கீசர் என்று விற்றிருக்கிறார்கள். பில்லில் மாடல் எண் எழுதாமல் 'கேஸ் கீசர் – 2' என்று மட்டும் போட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. கடைக்காரரிடம் மறுபடி கேட்டபோது, "பிசினஸுக்கு வாங்கினவங்க கன்ஸ்யூமர் கிடையாது, எங்கே வேணும்னாலும் போங்க" என்று போனை வைத்துவிட்டார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குகிறவரை விலக்கவில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை, அல்லது எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் விரிவாக எழுதும் பொறுமை இப்போது இல்லை. பில்லில் மாடல் எண்ணும் 'வணிகப் பயன்பாடு' என்ற சொல்லும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். புகைக்குழாய் கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளியில் முடியவேண்டும், கருவி இருக்கும் அறையில் மேலும் கீழும் காற்று வழி வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சுடர் மஞ்சளானால் உடனே நிறுத்துங்கள். கேஸ் கசிவுக்கு 1906, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் 1915இல் பதிவு செய்துவிட்டேன். 68,500 ரூபாயைக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவோடு அந்த விசிட்டிங் கார்டின் நகலையும் இணைக்கப்போகிறேன்.