விளக்கணைத்த பின் ‘டக்’: பிஸ்டல் இறாலா, மேன்டிஸ் இறாலா?

பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் விளக்கை அணைத்ததும் கண்ணாடி விரிசல் விட்டது போல ‘டக்’கென்று சத்தம் கேட்டால், உயிர்ப்பாறைக்குள் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) ஒளிந்து யாரோ வந்திருக்கிறார்கள். பிஸ்டல் இறால் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நத்தைகளை உடைத்துத் தின்னும் மேன்டிஸ் என்றால் வெளியேற்றியே ஆகவேண்டும்.

சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டுமே சொடுக்கும். நத்தை ஓடுகளைப் பாருங்கள். ஓட்டின் விளிம்பு நொறுங்கியிருந்தாலோ, பக்கவாட்டில் ஓட்டை விழுந்திருந்தாலோ, துணுக்குகள் ஒரே பொந்தின் வாசலில் குவிந்து கிடந்தாலோ மேன்டிஸ்தான். பிஸ்டலின் வாசலில் மணலும் கற்களும் முழு ஓடுகளும் அணைகட்டினாற்போல் இருக்கும். அது மணலைத் தோண்டும் என்பதால் பாறையை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்துங்கள். இல்லையேல் சரியும்.

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சால் பாருங்கள். பிஸ்டலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும், கண்கள் ஓட்டுக்கடியில் மறைந்திருக்கும். மேன்டிஸின் கண்கள் காம்பின்மேல் நின்று, இடதும் வலதும் தனித்தனியாகச் சுழலும். முகத்துக்குக் கீழே மடித்த கைகள் இரண்டு. கடலூர் துறைமுகத்தில் இழுவலையில் வந்து விழும் பெரிய மேன்டிஸை மனத்தில் வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். அது சேற்றுத்தரையில் பதுங்கி முள்கையால் குத்துகிற வகை. பாறையோடு வருவது பெரும்பாலும் விரல் நீளம்கூட இல்லாத, தடிக்கையால் அடித்து உடைக்கிற வகை.

பிடிக்க இரண்டு வழி. பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு வைப்பது ஒன்று. இதற்குப் பாறையை அசைக்கத் தேவையில்லை. ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும், இரையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. பொந்து தெரிந்துவிட்டால் இரண்டாவது வழியே மேல். தொட்டி நீர் பாதி நிரப்பிய வாளிக்கு மேலே பாறையைப் பொந்து கீழ்நோக்க பிடித்து, உப்படர்த்தி 1.040 வரை கூட்டிய நீரை 20 மில்லி ஊசிக்குழாயால் பொந்துக்குள் பீய்ச்சுங்கள் (நன்னீர் 1.000, தொட்டி நீர் 1.025). பல நேரம் தானாகவே வாளியில் விழும். தடித்த கையுறை கட்டாயம். அடித்தால் விரல் கிழியும். பாறையை மட்டும் கொதிக்க வைத்துவிடாதீர்கள். அதில் சோவாந்திட் (பவளத்துக்கு உறவான, பூப்போன்ற கடலுயிர்) ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலிருப்பவர்களின் நுரையீரலைத் தாக்கும்.

பிடித்ததைப் புதுச்சேரி கடற்கரையில் விடவும் கூடாது. எந்தக் கடலிலிருந்து வந்த உயிரோ, என்ன நோயைச் சுமக்கிறதோ. 20 லிட்டர் தனித்தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, சின்ன ஃபில்டர் இருந்தால் அதுவும் நன்றாக வாழும்.